விசிறியும் முறமும்

ஒரு பாஷையிலிருந்து மற்றொரு பாஷைக்குச் சொற்கள் குடிபெயரும்போது, சில வேளைகளில் அவை வழிதவறி வேறு வீட்டுக்குள் நுழைந்துவிடுவதுண்டு. நுழைந்த சொல்லைக் கண்டு வீட்டார் முதலில் நகைப்பர். பிறகு அதற்கு ஒரு பாய் விரித்துக் கொடுப்பர். நாளடைவில் அது அவ்வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்து, வந்த வழியை யாரும் கேளாத நிலைமையை அடைந்துவிடும். தமிழில் அப்படி வளர்ந்த சொற்களுள் ஒன்று 'விசிறி'. அதனைப் பற்றியும், அதனோடு கூடப் பிறந்த வேறு சில சொற்களைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

பனையோலையாலோ துணியாலோ செய்து, புழுக்கம் மிகுந்தபோது கையால் அசைத்துக் காற்று வருவித்துக்கொள்ளும் கருவியே விசிறி என்பதை அறியாதார் இலர். இனி, 'நான் இன்ன நடிகரின் விசிறி' என்று ஓர் இளைஞர் தம் பாட்டியிடம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். 'அவருக்கு வீசுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா, அப்பா? உனக்கு என்ன சம்பளம் தருகிறார்?' என்று அம்மூதாட்டி கேட்பாளாயின் அவள்மீது குற்றம் சொல்ல வழியில்லை. தமிழ் அறிந்தவள் அவள். தமிழை மறந்தவர் அவள் பேரன். அவள் கேட்ட கேள்வியோ, இக்கட்டுரை முழுவதிலும் நாம் எழுப்ப விரும்பும் கேள்வியேயாம்.

இந்த மயக்கம் எவ்வாறு நேர்ந்தது? ஆங்கிலத்தில் 'ஃபேன்' என்று ஒரே ஒலியும் ஒரே எழுத்தும் உடைய இரண்டு சொற்கள் உள்ளன. அவை இரட்டைப் பிள்ளைகள் அல்ல. ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. காற்று வீசும் கருவியைக் குறிக்கும் ஃபேன், லத்தீன் பாஷையில் 'வன்னுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வன்னுஸ் என்பது தானியத்தைப் புடைத்துப் பதரை நீக்கும் கூடை. அதாவது நம் வீட்டு முறம். சுளகு என்றாலும் அதுவே. மற்றொரு ஃபேனோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தைப் பார்த்துக் கூத்தாடிய கூட்டத்தாரைக் குறிக்க வழங்கியது. அது 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. ஃபனாட்டிக் என்பதன் மூலமும் லத்தீனே. அங்கே 'ஃபானும்' என்றால் கோயில். கோயிலில் தெய்வம் ஏறி, தன்னை மறந்து ஆடுபவனே ஃபனாட்டிக்.

வாசகர்கள் இப்பொழுதே கண்டுகொண்டிருப்பார்கள். கோயிலில் தெய்வமேறி ஆடுபவனுக்கு நம் பாஷையில் பெயர் இல்லாமற் போகவில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பார்த்த சிறு குழந்தையும் அப்பெயரைச் சொல்லும்: சாமியாடி! ஆகவே, மொழிபெயர்த்தவர் மூலத்தை உணர்ந்து மொழிபெயர்த்திருந்தால், 'இன்ன நடிகரின் சாமியாடி' என்றே எழுதியிருக்க வேண்டும். அவரோ அகராதியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். சாமியாடி வரவேண்டிய இடத்தில் பனையோலை விசிறி வந்து உட்கார்ந்துகொண்டது.

இவ்வாங்கிலச் சொல் நம் நாட்டில் நம்மோடு வாழும் மற்றச் சமூகத்தாரையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

மலாய் மக்கள் காற்று விசிறியைக் 'கிப்பாஸ்' என்பர். கலைஞரிடத்து ஈடுபாடுடையவரைப் 'பெமினாட்' என்பர். 'மினாட்' என்பது விருப்பம், பெமினாட் விருப்பமுடையவர். இரண்டுக்கும் வெவ்வேறு சொல் இருப்பதால் அங்கே மயக்கத்திற்கு இடமில்லை. ஆயினும் விளையாட்டுக்காக அவர்கள் ஒரு தொடரை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்: 'கிப்பாஸ் சூசா மாத்தி'. உயிர் போனாலும் கட்சி மாறாத ஆட்ட அபிமானிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கேலி இது. நேர்ப்பொருள் என்னவெனில், 'எளிதில் சாகாத காற்று விசிறி'. மலாய்ப் பேச்சில் 'மாத்தி' என்பது உயிர் போவதற்கும் ஆகும். இயந்திரம் நின்றுபோவதற்கும் ஆகும். ஆதலால் கேலி இரட்டிப்பாகிறது: எத்தனை முறை பொத்தானை அமுக்கினாலும் நிற்காமல் சுழலும் விசிறி! இது தவறான மொழிபெயர்ப்பு என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், இருவரும் சிரிக்கிறார்கள். பந்தாட்ட அபிமானிகள் தங்களையே இப்பெயரால் கேலி செய்துகொள்ளுகிறார்கள். இன்னொரு வழக்கும் மலாயில் உண்டு. மேலதிகாரியை முகத்துதி செய்து பிழைப்பவனைக் 'காக்கி கிப்பாஸ்' என்பர். பெரியவனுக்கு விசிறுவதே தொழிலாகக் கொண்டவன் என்பது கருத்து. நம்முடைய பாட்டியின் கேள்வியை மலாய்க்காரர் ஒரு சொல்லிலேயே அடக்கிவிட்டனர்.

சீனர் வேறு வழி சென்றனர். பொருளைப் பெயர்க்காமல், 'ஃபேன்ஸ்' என்ற ஒலியைப் பற்றிக்கொண்டு, அவ்வொலிக்கு நெருங்கிய 'ஃபென்ஸி' என்ற தங்கள் சொல்லை வழங்கத் தலைப்பட்டனர். ஃபென்ஸி என்பது பயற்றுமாவால் செய்து, வெந்தபின் கண்ணாடிபோல் தோன்றும் மெல்லிய சேமியா. நம் ஊர்க் கடைகளில் 'தங்ஹூன்' என்று விற்கப்படும் பண்டம் அதுவே. இவ்வேடிக்கை அங்கேயும் நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டில் சீனத்தின் ஹூனான் தொலைக்காட்சி, பெண்களுக்கென ஒரு பாட்டுப் போட்டியை நடத்திற்று. அதில் முதலாவதாக வந்த லீ யூச்சுன் என்பாரின் அபிமானிகள் தங்களை 'யூமி' என்று அழைத்துக்கொண்டனர். அவ்வொலிக்குச் சோளம் என்று பொருள். பாடகியின் பெயரில் உள்ள 'யூ'வையும், மயங்கியவர் என்று பொருள்படும் 'மி'யையும் சேர்த்தால் சோளத்தின் ஒலி வந்துவிடுகிறது. அதே போட்டியில் பாடிய சாங் லியாங்யிங் என்பாரின் அபிமானிகளோ 'லியாங்ஃபென்' ஆயினர். அது மாவைக் காய்ச்சி உறையவைத்துக் குளிர்ச்சியாக உண்ணும் ஒரு சிற்றுண்டி. சோளக் கட்சியும் குளிர்மாக் கட்சியும் சேமியாக்களாகத் திரண்டு போராடின என்று அவ்வாண்டுச் செய்தியை ஒருவர் எழுதினால், அது பாட்டுப் போட்டியா, பலகாரக் கடைச் சண்டையா என்று அயலார் திகைப்பர்.

இந்த மூன்றையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். மலாய்க்காரர் விசிறி என்றார், சிரித்துக்கொண்டே என்றார். சீனர் சேமியா என்றார். அவரும் சிரித்துக்கொண்டே என்றார். தமிழராகிய நாம் மட்டும் முகத்தில் சிறிதும் நகையின்றி 'விசிறி' என்று எழுதினோம், அடித்தாளில் அச்சிட்டோம், மேடையில் முழங்கினோம். தவறாகப் பெயர்த்தது ஒரு பெரும் பிழையன்று. பாஷைகள் எல்லாம் இத்தகைய பிழைகளால் வளம் பெற்றவையே. பிழையைப் பிழையென்று உணர்ந்து நகைக்கும் தெளிவு இல்லாமற்போனதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஏனெனில், ஒரு பெயரின் மேல் நகைக்கத் தெரியாதவன், அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் ஆளையும் பார்க்கத் தெரியாதவனாகின்றான்.

இது வெறும் சொல்வாதம் அன்று என்பதற்கு, நம் சினிமா அபிமானிகள் தங்கள் நாயகர்களுக்குச் சூட்டிய பெயர்களே சான்று. 'தல' என்பது 2001இல் வெளிவந்த 'தீனா' என்னும் படத்தில் அஜித் குமார் ஏற்ற பாத்திரத்தை அதன் தோழர்கள் விளித்த பெயர். அங்கிருந்து அது நடிகருக்கே ஆயிற்று. பின்னர்ச் சென்னைக் கிரிக்கெட் அணியின் மகேந்திர சிங் தோனிக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. 'கேப்டன்' என்பது 1991ஆம் ஆண்டின் 'கேப்டன் பிரபாகரன்' என்ற படத்திலிருந்து விஜயகாந்துக்கு வந்தது; 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் மறையும்வரை, மறைந்த பின்னும், அதுவே அவருக்குப் பெயராயிற்று. இனி, தோனி 2008இல் சென்னை அணிக்கு ஆட்டத் தலைவரானதை, 'தல கேப்டனானார்' என்று ஓர் இளைஞர் தம் தாத்தாவுக்கு எழுதுவாராயின், ஒரு நடிகர் மற்றொரு நடிகராக மாறிவிட்டார் என்று அவர் நினைப்பாரா, அல்லது யாருக்கோ தலையில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று வைத்தியரைத் தேடுவாரா? நாமறியோம்.

'தளபதி'யின் வரலாறு இன்னும் சுவையானது. 1991இல் மணிரத்னம் அப்பெயரில் எடுத்த படத்தில் நாயகராக நடித்தவர் ரஜினிகாந்த். ஆனால் அப்பெயர் அவரிடம் தங்கவில்லை. திராவிட முன்னேற்றக் கழகத்தார் மு.க. ஸ்டாலினைத் தளபதி என்றனர். சினிமா அபிமானிகள் நடிகர் விஜயை முதலில் 'இளைய தளபதி' என்றனர்; 2017இல் 'மெர்சல்' படம் வந்தபோது, இளமை நீங்கி வெறுந் தளபதி ஆனார். ஆயினும் பத்திரிகை படிப்பவருக்கு ஒரு வசதி இருந்தது. அரசியற் பக்கத்தில் தளபதி என்று கண்டால் இவர். சினிமாப் பக்கத்தில் கண்டால் அவர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் விஜய் தமக்கென ஒரு கட்சியைத் தொடங்கினார். அன்றோடு அந்த வசதியும் ஒழிந்தது!

எம்.ஜி. இராமச்சந்திரனை அவர் அபிமானிகள் 'வாத்தியார்' என்றனர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் அகரம் கற்பித்து ஓய்வு பெற்றவருக்கும் அதுவே பெயர். ரஜினிகாந்த் 'தலைவர்', நம் தொழிற்சங்கத்தில் சம்பள உயர்வுக்காக முதலாளிமார் முன் நின்று வழக்காடுபவரும் தலைவர். தென்கொரியப் பாடகர் எழுவர் கூடிய பி.டி.எஸ். குழுவின் அபிமானிகளுக்கு 2013ஆம் ஆண்டு முதல் 'ஆர்மி' என்று பெயர். தமிழ்நாட்டிலும் 2017இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒட்டி 'ஓவியா ஆர்மி' என்றொரு சேனை திரண்டது. மகள் ஆர்மியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வியுற்ற தாய், துப்பாக்கியை நினைத்து அழுவாளா, பாட்டை நினைத்து ஆறுவாளா? நடிகரின் பேருருவப் படத்திற்குப் பாலபிஷேகம் செய்தார்கள் என்ற செய்தியைக் கேட்ட நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், பால் என்றால் மரத்துப் பாலையே நினைப்பவராதலால், 'உறைந்தால் உரித்தெடுப்பது சிரமமாயிற்றே!' என்று கவலைப்படவும் கூடும்.

இங்கே ஒரு தடை எழலாம். 'பட்டப் பெயர்கள் ஒன்றோடொன்று மயங்குவது புதிதா? சான்றோரிடத்தும் அது இல்லையா?' என்று கேட்பர். உண்டு, மறுக்கவில்லை. 'தமிழவேள்' என்றால் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை வளர்த்த உமாமகேசுவரனார் என்பர் தஞ்சையார், நீதிக்கட்சியின் பி.டி. இராசன் என்பர் மதுரையார்; 1935இல் 'தமிழ் முரசு' கண்ட கோ. சாரங்கபாணி என்போம் நாம். மூவரும் ஒரே பட்டத்திற்கு உரியராயினர். ஆயினும் இதனால் எவருக்கும் தீங்கு விளையவில்லை. ஏன்? அப்பட்டம் அவர்கள் செய்த காரியத்தைப் பற்றி எழுந்தது. ஒருவர் சங்கம் வளர்த்தார். ஒருவர் கட்சி காத்தார். ஒருவர் பத்திரிகை நடத்தி, இந்நாட்டுத் தமிழரை ஒன்றுகூட்டினார். காரியம் வேறு வேறாகத் தெளிவாக நிற்பதால், பட்டம் ஒன்றாயினும் ஆள் மயங்குவதில்லை.

தல, கேப்டன் முதலியவையோ வேறு சாதி. அவை வேஷத்திலிருந்து எழுந்தவை. படத்திற் படைத்தலைவனாக வந்தவர் படைத்தலைவராகவே ஆகிவிட்டார். திரையில் நூறு பேரை அடித்துப் போட்டவர் வீதியில் நடப்பினும் நூறு பேரை அடிப்பவராகவே தோன்றுகிறார். இங்கே மயங்குவது இரண்டு சொற்கள் மட்டும் அல்ல. வேஷமும் ஆளும் மயங்குகின்றன. சொல் மயங்கினால் நகைப்பு உண்டாகும், அம்மட்டில் போகும். வேஷத்தை ஆளென்று கொண்டுவிட்டாலோ, கலைக்கும் நஷ்டம், ஆளுக்கும் நஷ்டம், காண்பவனுக்குப் பெருநஷ்டம். நாம் கூற வந்தது இதுவேயாம்.

இதற்கு நமக்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்று காட்டுவோம். 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'கபாலி' வெளிவந்தது. பா. இரஞ்சித் எழுதி இயக்கிய அப்படத்தின் நாயகன் மலேசியத் தமிழன். கதை நிகழும் இடம் நம்முடைய நாடு. அதன் பின்னணியில் இருப்பவை தோட்டத் தொழிலாளரின் துயரும், தோட்டம் விட்டு நகரம் புகுந்து கள்ளர் கூட்டத்தில் சிக்கிச் சீரழியும் நம் பிள்ளைகளின் கதியும். நம் பாட்டன்மார் பட்டது எவ்வாறு காட்டப்பட்டிருக்கிறது? உண்மை எவ்வளவு? மிகை எவ்வளவு? இவ்விளைஞர்களின் வீழ்ச்சிக்குப் படம் கூறும் காரணம் பொருந்துமா? கள்ளர் தலைவனையே காவலனாகக் காட்டுவது தகுமா? இவை போன்ற கேள்விகளை உலகத் தமிழர் அனைவருக்கும் முன்பாக எழுப்பும் உரிமையும் கடமையும் நமக்கு இருந்தன. அன்றியும், இந்நாட்டில் காட்டிய பிரதியின் முடிவு இந்தியாவில் காட்டியதினின்றும் வேறுபட்டது. கபாலி காவல் நிலையத்தில் சரணடைந்தான் என்றொரு வாசகம் இங்கே இறுதியில் சேர்க்கப்பட்டது. ஒரு கதையின் முடிவையே மாற்றும் வாசகம் அது! அதனால் கதையின் கருத்து என்ன ஆயிற்று என்பது எத்துணைச் சிறந்த விமர்சனப் பொருள்!

ஆனால் ஓங்கி ஒலித்தது எது? 'தலைவர் படம்' என்ற ஒரே கூச்சல். ஒரு விமான நிறுவனம் தன் வானூர்தியின்மேல் நாயகரின் உருவத்தைத் தீட்டிப் பறக்கவிட்டது. அதை அண்ணாந்து பார்த்தோம். படம் பிடித்தவர்கள் 'தலைவர்' என்றார்கள். பிடிக்காதவர்கள் 'தலைவருக்கு ஏற்ற படமில்லை' என்றார்கள். இரு கட்சியாரும் பார்த்தது தலைவரையே. தோட்டத் தமிழனின் கதை என்று ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது; அதை அத்தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரே பார்க்கவில்லை. பெயர் மறைத்த பொருளுக்கு இதைவிடத் துயரமான உதாரணம் வேறு என்ன வேண்டும்?

வியப்பு என்னவெனில், பெயரைச் சுமக்க மாட்டோம் என்று அதற்குரியவர்களே முன்வந்துவிட்டார்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று அஜித் குமார், தம்மை இனித் 'தல' என்று அழைக்க வேண்டாம், பெயரிட்டு அழைத்தாற் போதும் என்று அறிக்கை விடுத்தார். 2024 நவம்பரில் கமல்ஹாசன், 'உலக நாயகன்' முதலிய பட்டங்களைத் துறப்பதாக அறிவித்தார். கலையைவிடக் கலைஞன் பெரியவன் அல்லன் என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். 2025 மார்ச் மாதத்தில் நயன்தாராவும் தம் பட்டம் வேண்டாம், பெயரே போதும் என்றார். தெய்வங்களே பீடத்தை விட்டு இறங்கி வந்து 'நாங்கள் மனிதர்' என்று கூறிய பின்னும், சாமியாடிகள் உடுக்கையைக் கீழே வைக்கவில்லை என்றால், நாம் யாரைக் குறை கூறுவது?

இவ்விடத்தில் நம் கற்றறிந்தார் சிலருக்கும் ஒரு வார்த்தை கூற வேண்டும். 'சினிமா பார்க்கும் பாமரர் இப்படித்தான்' என்று உதட்டைப் பிதுக்கி ஒதுங்குவது அவர்கள் வழக்கம். அது நியாயமன்று. பொழுது விடியுமுன் எழுந்து, பால்வெட்டி, வாளி சுமந்து, அதிகாரியின் வசவைக் கேட்டு வீடு திரும்பிய தொழிலாளிக்கு, தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படமே ஒரு காலத்தில் பெரிய ஆறுதல். தலை நிமிர்ந்து, மீசை முறுக்கி, தமிழிற் பேசி, கொடியவனை எதிர்த்து நின்ற ஓர் உருவத்தை அவன் அத்திரையிற் கண்டான். கள்ளுக்கடைக்குப் போகவிருந்த கால்களைச் சில இரவுகளேனும் அத்திரை தடுத்தது. அந்த அன்பை நாம் இகழமாட்டோம். அன்பு இருப்பதைக் குறை கூறவில்லை. அன்பு கண்ணை மூடிக்கொள்வதையே குறை கூறுகின்றோம்.

அன்பும் கண்ணும் ஒருங்கே இருக்கக் கூடுமா எனின், கூடும். தமிழில் அதற்கென நல்ல சொல்லும் இருக்கிறது: ரசிகர். தனித்தமிழில் சுவைஞர் எனினும் ஆகும். ரசிகன் விசிறுபவன் அல்லன், சுவைப்பவன். நாக்கு உள்ளவனே சுவைப்பான். நாக்கு உள்ளவனுக்கு உப்புக் குறைந்தாலும் தெரியும், மிகுந்தாலும் தெரியும். முன்னொரு காலத்தில், பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் மட்டுமன்றி, சுவைப்பவருக்கும் தமிழுலகம் பட்டம் சூட்டியது. 1954இல் மறைந்த டி.கே. சிதம்பரநாத முதலியாரை 'ரசிகமணி' என்றது. திருநெல்வேலியில் அவர் வீட்டில் நண்பர் கூடிக் கவிதையை அனுபவித்த கூட்டத்திற்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். கம்பனைப் பற்றிச் சீர்திருத்தக்காரரின் கொள்கை வேறு என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கம்பன்மேல் கொண்டதுபோன்ற காதல் வேறொருவருக்கு வாய்ப்பது அரிது. அப்படிப்பட்டவரே அந்நூலை எடுத்து, இவை கம்பன் பாட்டல்ல, இடைச்செருகல் என்று தமக்குத் தோன்றிய செய்யுட்கள் பலவற்றைத் தள்ளினார். தள்ளியவற்றுள் மணியும் உண்டு என்று புலவர்கள் அவரோடு வழக்கிட்டனர். வழக்கு எவ்வாறாயினும் ஆகுக. காதலித்தவரே புடைத்தார் என்பதல்லவா முக்கியம்? அபிமானம் என்பது புடைக்காதிருப்பது என்று அவர் எண்ணவில்லை.

விசிறுதல் என்ற செயலுக்கும் தமிழிலேயே ஒரு பெருமையான வரலாறு உண்டு. அது புறநானூற்றின் 50ஆம் பாட்டோடு தொடர்புடையது. மோசிகீரனார் என்னும் புலவர் வழி நடந்த களைப்போடு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனை புகுந்தார். வீர முரசத்தை நீராட்டக் கொண்டுபோயிருந்த சமயம் அது. மலர் பரப்பிய முரசுகட்டில் வெறுமையாக இருந்தது. அதனைச் சாதாரணக் கட்டிலென்று மயங்கிப் புலவர் படுத்து உறங்கிவிட்டார். அதுவும் ஒரு பெயர் மயக்கமே. கட்டிலென்றால் எல்லாம் கட்டில்தானே! முரசுகட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவது அக்காலத்து முறை. திரும்பி வந்த மன்னனோ வாளை எடுக்கவில்லை, கவரியை எடுத்தான். புலவர் உறக்கம் கலையாதபடி தன் தோள் நோக நின்று வீசினான்.

அவனன்றோ விசிறி! அவன் வீசியது யாருக்கு? வேஷத்திற்கன்று; பட்டத்திற்கன்று; செல்வத்திற்குமன்று. களைத்து வந்த தமிழ்ப் புலமைக்கு. யார் உறங்குகிறார் என்பதை நன்கு பார்த்து, அவர் தகுதியை உணர்ந்த பின்னரே கை கவரியைத் தேடியது. கண் முன்னே சென்றது; கை பின்னே சென்றது. பாட்டி தன் பேரனை 'யாருக்கு வீசுகிறாய்? எதற்காக வீசுகிறாய்?' என்று கேட்டாளே, அக்கேள்விக்கு அச்சேரனிடம் விடை இருந்தது. நம் இளைஞர்களிடமும் விடை இருக்குமாயின், அவர்கள் எத்தனை பேருக்கு விசிறியாக இருப்பினும் நமக்கு வழக்கில்லை.

ஆகவே, இச்சொல்லைத் தமிழிலிருந்து விரட்ட வேண்டும் என்று நாம் கிளர்ச்சி செய்யப் போவதில்லை. விரட்டினாலும் அது போகாது. கிப்பாஸ் சூசா மாத்தி! வந்த சொல் இருக்கட்டும். ஆனால் அது பிறந்த வீட்டையும் நினைவுகூர்வோம். காற்று வீசும் ஃபேனுக்கு மூதாதை முறம் என்று மேலே கண்டோம். தவறி நுழைந்த சொல் தன்னோடு ஒரு நல்ல கருவியையும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது. நம் தாய்மார் அரிசியைப் புடைக்கும்போது அரிசியின்மேல் பகைமை கொண்டா புடைக்கின்றனர்? பிள்ளைகளின் பல்லில் கல் படக்கூடாது என்ற அன்பினாலன்றோ!

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள நம் சகோதர சகோதரிகள், பெரிய செலவின்றி இதனைத் தொடங்கலாம். ஒரு படம் பார்த்த மறுநாள் மாலை, நாலைந்து பேர் வீட்டுத் திண்ணையிலோ, வாசகசாலையிலோ, கோப்பிக் கடையிலோ கூடுங்கள். நாயகரைப் பட்டப் பெயரால் அல்லாமல் இயற்பெயரால் குறிப்பிடுவது என்று ஒரு விதி செய்துகொள்ளுங்கள். அவ்வொரு விதியினாலேயே பாதித் தெளிவு வந்துவிடும். கதை எழுதியவர் யார், பாட்டு இயற்றியவர் யார், யாருடைய வாழ்க்கையைக் காட்டினார்கள், அது மெய்தானா, பெண்ணை எவ்வாறு காட்டினார்கள், சாதியைப் பற்றி என்ன கூறினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நல்லதை நல்லதென்று வாயாரப் புகழுங்கள். பதரைப் பதரென்று சொல்லுங்கள். சொன்னவரை அடிக்க எழாதீர்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நம்மைப் பற்றியே இன்னொரு படம் வரும். அதனைக் கைதட்டி வரவேற்கவும், கண்திறந்து பார்க்கவும், குற்றம் கண்டவிடத்து இது எங்கள் கதையன்று என்று எழுந்து கூறவும் அவர்கள் தகுதி பெற வேண்டும்.